ரசாக் கடையில் எடுத்து வைத்தது

சாந்தாமணி சோமனூர் பக்கம் ஒரு நூல் மில்லில், கோன் என்னும் கூம்பில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார். ஓடுகிற நூலில் விரலை லேசாக வைத்தாலே இழுவை சரியா என்று சொல்லிவிடுவார். இழுவை கூடினால் நூல் அறும். குறைந்தால் சுற்று தொளதொளக்கும்.

மூத்தவள் நந்திதா பிறந்தபோது, பன்னிரண்டு வார லீவு முடிந்து மில்லுக்குத் திரும்பிய ஒரே மாதத்தில் அவருக்குப் பால் வற்றிவிட்டது. பவுடர் பாலில் வளர்ந்த பிள்ளை வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. 1996இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, இந்தத் தடவை அப்படி விடுவதில்லை என்று சாந்தாமணி முடிவு செய்தார். பாலை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போக பம்பு இருக்கிறது என்று ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார்.

மாமியார் சென்னியம்மாள் எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"பம்பா? ஏங்கண்ணு, கெணத்துல மோட்டார் வெக்கற மாதிரியா?"

"சிரிக்காதீங்கத்தெ. நெசமாத்தானுங்க."

"செரி, வாங்கிக்கோ. ஆனா பொறந்தப்பறம். அதுக்கு முன்னால ஒரு துணித்துண்டு கூட ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

அது வெறும் பிடிவாதமில்லை. சென்னியம்மாள் தன் தலைப்பிள்ளைக்கு முன்கூட்டியே வாங்கிய தொட்டில் கடைசிவரை வெறுமையாகவே தொங்கியது. அவர் அதைப் பேசுவதில்லை, ஆனால் சாந்தாமணிக்குத் தெரியும்.

ஆனால் பம்பு கோவையில்தான் கிடைக்கும்; பிள்ளை பிறந்த பிறகு பச்சை உடம்போடு அங்கே போக முடியாது. ஆண்களை அனுப்பினால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவார்கள்.

"அது புள்ளைக்கில்லீங்கத்தெ, எனக்கு."

"உனக்கா? நீயா குடிக்கப் போறே?"

"அப்ப பாத்துப்போட்டு மட்டும் வாரேனுங்க. வாங்கலீங்க."

"நானும் வாரேன்."

ரசாக்கின் சர்ஜிகல் கடை பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்தது. அவர் கண்ணாடி மேசைமேல் இரண்டு பம்புகளை வைத்தார். ஒன்று, ஹாரன் போலச் சிவப்பு ரப்பர் குமிழ் மாட்டிய கண்ணாடிக் கிண்ணம். இன்னொன்று, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நகர்கிற பிளாஸ்டிக் பம்பு. ரசாக் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாரும் ஹாரனத்தானுங்க வாங்கறாங்க, தங்கச்சி."

சாந்தாமணி குமிழை அமுக்கி, கிண்ணத்தை முன்கையின் உட்புறத்தில் வைத்து, அமுக்கிய பிடியை விட்டார். தோல் வெடுக்கென்று மேலேறியது. பிய்த்து எடுத்தபோது வட்டமாகச் சிவந்திருந்தது.

"புடிச்சா உட மாட்டேங்குதுங்க. குமிழுக்குள்ள பால் போனா எப்படிங்க கழுவறது?"

"அத நானே கம்பெனிக்காரன்கிட்டக் கேக்கோணுமுங்க" என்று ரசாக் சிரித்தார்.

அடுத்து குழாய் பம்பு. அதையும் முன்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுத்தார், விட்டார். இன்னும் கொஞ்சம் இழுத்தார், விட்டார். அதைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு பாகமும் கொதிநீர் தாங்குமா என்று கேட்டார். மறுபடி மாட்டச் சொல்லி மறுபடி இழுத்தார்.

"அம்மணி, சீலையா எடுக்கறே? பாய் சோறுண்ணப் போக வேண்டாமா?"

"இருங்கத்தெ. இதுல இழுவை நம்ம கையிலயே இருக்குது. இதுதானுங்க வேணும்."

சென்னியம்மாள் அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். ரசாக் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கன்னுக்குட்டி சப்பற மாதிரிதான் இருக்குது" என்றார் சென்னியம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏனுங்க பாய், இது உங்க கடையிலயே இருக்கட்டும். வேற யாருக்கும் குடுத்துப்போடாதீங்க. பொறந்ததும் வந்து வாங்கிக்கறோம்."

"செரிங்கம்மா. பேர் எழுதி வெக்கட்டுங்களா?"

"பேரும் வேண்டாம்."

"அப்பறம் எப்படீங்க தெரியும்?"

"கன்னத்துல வெச்சுப் பாத்த கெழவிய மறந்துருவீங்களா?"

ஆவணியில் பையன் பிறந்தான். மறுநாள் காலை சென்னியம்மாள் தனியாகப் பஸ் ஏறிப் போனார். அவர் படியேறும்போதே ரசாக் மேல்தட்டுக்குக் கையை நீட்டினார்.

சாந்தாமணி வேலைக்குத் திரும்பி இரண்டாவது மாதம். ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வேகமாக வந்தவர் வாசலிலேயே கேட்டார்.

"குடிச்சானுங்களா?"

சென்னியம்மாளின் மடியில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில், பால் புகட்டும் பாலாடை காலியாகக் கிடந்தது.

"நீ வெச்சுட்டுப் போனது ஒரு சொட்டு மிச்சமில்ல. மொதல்ல சோறுண்ணு போ. உம்பட பம்பக் கழட்டி வேகவெச்சுக் காயப் போட்டிருக்கறேன். ஈரத்தோட மாட்டிப்போடாதே."

அடுப்படியில் வெள்ளைத் துணிமேல் அதன் பாகங்கள், மாட்ட வேண்டிய வரிசையிலேயே கிடந்தன.