மேலிருந்து பார்த்தால் புகை, கீழிருந்து பார்த்தால் ஊட்டி

செயற்கைக்கோள் படத்தில் புகையும் தூசியும் பார்ப்பது என் தொழில். சம்பளம் இல்லை, லீவு இல்லை, நம்புவதற்கு ஆளும் இல்லை.

என் மகள் தாரணிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. கோயம்புத்தூர் வடவள்ளியில் மலையைப் பார்த்த மாதிரி அபார்ட்மென்ட் வீடு. கோடையில் சரிவில் புல் பற்றிக்கொண்டால், ராத்திரி இறங்கும் காற்றோடு புகை எங்கள் ஜன்னலுக்கு வந்துவிடும். அதனால் மதியச் சமையல் முடிந்ததும் போனில் படத்தைத் திறந்துவிடுவேன். சூடான இடம் சிவப்புப் புள்ளி, காட்டுப் புகை நீலச் சாம்பல், பாலைவனத் தூசி டீக்கறை. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் பூச வைத்தார்களே தவிர, இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. வீட்டில் இளைப்புக்காரர் இருக்கிற அம்மாக்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச்சில் மப்ளர்

எங்கள் ஊரில் காலையில் வெள்ளையாக எது தெரிந்தாலும் ஒரே பேர்தான்: மஞ்சு, அதாவது பனிமூட்டம். முந்தின நாள் படத்தில் மலைமேல் சிவப்புப் புள்ளிகள் வரிசை கட்டியிருந்தன. விடிந்தால் எதிர் பிளாக் தெரியவில்லை. கீழே அசோசியேஷன் செயலாளர் மப்ளர் கட்டிக்கொண்டு மனைவியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது மஞ்சு இல்லை, காடு எரியுது. மூக்கு வேலை செய்யுதா?" என்றேன். அவர் ஆழமாக மூச்சை இழுத்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க, இன்னைக்குத்தான் ஊட்டியாட்ட இருக்குது, அதையும் கெடுத்துப்போடாதீங்க."

வத்தல்

மே மாதம் அரபிக் கடல் மேல் பாலைவனத் தூசி பாய் விரித்த மாதிரி வந்தது. அபார்ட்மென்ட் குரூப்பில் எச்சரிக்கை போட்டேன். என்னை நம்பிய ஒரே ஜீவன் பக்கத்து வீட்டு மல்லிகா. மொட்டை மாடியில் அரைகுறையாகக் காய்ந்த கூழ் வத்தலை அள்ளி உள்ளே குவித்துவிட்டாள்.

தூசி வந்தது. ஆனால் விமானம் பறக்கிற உயரத்தில், எங்கள் தலைக்கு மேலேயே போய்விட்டது. மேலிருந்து எடுத்த படத்தில் அது மாடியைத் தொடுகிறதா, மேகத்தைத் தொடுகிறதா என்று தெரியாது. கீழே சுள்ளென்று வெயில். வத்தல் பூசணம் பிடித்தது. மல்லிகா தட்டோடு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்: "உங்க சாட்டிலைட்டுக்கு எங்கூட்டு வத்தல் மேல அப்படி என்னங்க காண்டு?"

அண்ணன் தோப்பு

ஆனைமலையில் என் அண்ணனுக்குத் தென்னந்தோப்பு. லீவுக்குத் தாரணி அங்கே கிளம்ப இருந்த சமயம், படத்தில் சரியாக அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. போன் போட்டேன். "ஓலைக்குத் தீ வெச்சியாண்ணா?" "சேச்சே, யாரு வெச்சா?" என்று இருமிக்கொண்டே சொன்னான். பின்னால் மட்டை படபடவென்று வெடிப்பது எனக்குக் கேட்கிறது.

புள்ளி தெரிகிறது என்றேன். அதற்கு அவன்: "அத்தன தெளிவாத் தெரியுதுன்னா, காணாமப்போன நம்ம எருமைய அதுலயே தேடிக்குடு அம்மணி."

தாரணியை அனுப்பவில்லை.

செலக்‌ஷன்

தாரணி ஓடுவாள். இளைப்போடு ஓடுவாள். அடுத்த பிப்ரவரியில் மாவட்ட அணிக்குச் செலக்‌ஷன் வைத்திருந்தார்கள். பிளஸ் டூ முடிவதால் அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. முந்தின மதியம் மலை முழுக்கச் சிவப்பு. தேதியை மாற்றச் சொல்லி பி.டி. மிஸ்ஸிடம் கெஞ்சினேன். "மஞ்சுல ஓடினா ஸ்டாமினா வருங்க" என்றாள். என் வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "வத்தல் கதைதானே?" என்று திருப்பிக் கொடுத்தார். தாரணி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "ப்ளீஸ்மா, ஒரு நாள் அதை ஆஃப் பண்ணு" என்றாள். அவளுடைய கண்ணைப் பார்த்த பிறகு நானும் போனை ஆஃப் பண்ணிவிட்டு, இன்ஹேலரை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

மைதானமெல்லாம் புகை மூடிக் கிடந்தும் முதல் சுற்றில் முன்னால்தான் வந்தாள். இரண்டாவது வளைவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவில்லை. இன்ஹேலர் போதவில்லை. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கோடு அவள் படுத்திருக்க, அணியில் பேர் இல்லை என்று மிஸ் மெசேஜ் அனுப்பினாள். தாரணி அதைப் படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கோணும் அம்மணி."

இந்தத் தொழிலில் தப்பாகச் சொன்னால் ஊரே ஞாபகம் வைத்திருக்கும், சரியாகச் சொன்னாலோ ஏன் மெதுவாகச் சொன்னாய் என்று கேட்கும்.