அவர் எலும்பு விடவில்லை

சந்தோஷமான சாட்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் கணவர் பிழைத்து எழுந்த கதை இல்லை இது. அவர் போய்விட்டார். ஆனாலும் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில். பூர்வீகம் கோலார் தங்கவயல். என் கணவர் சார்லஸ் பள்ளி வேன் ஓட்டினார். நாற்பது வயதுக்குள்ளேயே இடுப்பு மூட்டு கெட்டுப்போனது. தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்று, அது உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டு வந்தது. பிரேக் மிதிக்க முடியவில்லை. ஆலயத்தில் எல்லாரும் முழங்கால் போடும்போது அவர் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று அழுவார்.

மூட்டை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். மேஜையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து என் கையில் கொடுத்தார். தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் தலையில் ஒரு பந்து. தண்டின் மேல்பாகம் மட்டும் கொத்திய அம்மிபோலச் சொரசொரப்பாக இருந்தது.

“இது இரும்பு இல்லம்மா, டைட்டானியம். இது மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் தானா படியும். அதனால துருப்பிடிக்காது, உடம்பும் இதை எதிரியா நினைக்காது. சிமெண்ட் வெச்சு ஒட்டப்போறதில்ல. இந்தக் குழிக்குள்ள எல்லாம் அவரு எலும்பு வளர்ந்து போய்ப் பிடிச்சுக்கணும். எங்க வேலை பாதிதான், மீதி எலும்போட வேலை.”

என் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. மாமனார் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல்தூசி நுரையீரலில் தங்கி, அவர் இருமி இருமிச் செத்ததை அத்தை பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்கள்.

“கல்லு உள்ள போய் எம்புருஷன் போனாரு. இப்ப எம்புள்ள உடம்புல இரும்ப வெக்கறீங்களா? வெளியில இருக்கறது உள்ள போனா ஒடம்பு ஒத்துக்காதும்மா.”

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். தங்கவயலில் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் கணவருக்கும் பயம்தான். நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்தது. அது லெந்து காலம், சபை நோன்பிருக்கும் நாட்கள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: ஆண்டவரே, அவர் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளட்டும். அவர் கோலூன்றி நடந்தார். ஆலயத்துக்கும் வந்தார். ஆனால் நொண்டல் போகவில்லை. போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். “பாத்தியா, ஒத்துக்கல” என்றார்கள் அத்தை.

அந்த வருடமே, ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள். பெட்டிக்கு முன்னால், அத்தனை ஜனத்துக்கு நடுவில், அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: “நீ வெச்ச இரும்புதான்டி எம்புள்ளயக் கொன்னுது.”

அதற்குப் பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எனக்கும் போக்கிடம் இல்லை, அவர்களுக்கும் இல்லை. நான் சமைப்பேன், அவர்கள் சாப்பிடுவார்கள். அந்த வார்த்தையை மறுபடி சொன்னதும் இல்லை, திரும்ப எடுத்துக்கொண்டதும் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதை நான் நம்பினேன் என்றுதான் வெளியில் சொல்வேன். உள்ளுக்குள் நம்பவில்லை. என் ஜெபம் சுருங்கிப்போனது. ஆண்டவரே, நான்தான் அவரைக் கொன்றேனா? வேறு எதுவும் வேண்டாம், இதற்கு மட்டும் பதில் சொல்லும். வருடக்கணக்காக இதே கேள்விதான். பரலோகம் வாய் திறக்கவில்லை.

அத்தை படுக்கையில் விழுந்த பிறகு நான்தான் குளிப்பாட்டினேன். ஒருநாள் முதுகு துடைக்கும்போது, “உனக்கும் அவன் புருஷன்தானே” என்றார்கள். அவ்வளவுதான். போன நவம்பரில் கண்ணை மூடினார்கள்.

நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஏது? பழைய குழியைத் திறந்துதான் புதிய பெட்டியை இறக்க வேண்டும். மகன் குழியில் தாய். உள்ளே இருக்கும் எலும்புகளை வெள்ளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பார்கள். வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லாததால் காலையில் நானே போய் நின்றேன்.

குழி வெட்டுகிறவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தொடையெலும்பு வந்தது. அதன் மேல் அந்தப் பந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“கம்பி குத்தித் துணி கிழியும்க்கா. தனியா எடுத்துடறேன்” என்று பிடித்து இழுத்தார். வரவில்லை. திருகிப் பார்த்தார். கூட இருந்தவர் எலும்பைப் பிடித்துக்கொள்ள, இவர் காலை ஊன்றி இழுத்தார்.

“பர்த்தில்லக்கா, வரல. எலும்பு விட மாட்டேங்குது.”

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கையில் வாங்கி விரலால் துடைத்துப் பார்த்தேன். எங்கே உலோகம் முடிகிறது, எங்கே அவர் ஆரம்பிக்கிறார் என்று தெரியவில்லை. அவர் உடம்பு அதை ஏற்றுக்கொண்டிருந்தது. நான் உபவாசமிருந்து கேட்ட நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்ந்து பிடித்திருந்தது. பதிலை அவருக்குள்ளே வைத்து நான்தான் அடக்கம் செய்திருக்கிறேன். வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொந்தக்காரர்கள் முன்னால் வைக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்கள் பெட்டியில் இருந்தார்கள். அதனால் துணியில் நானே முடிந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு மறுபடி வருகிறேன். துக்கம் போகவில்லை. அது போகாது. ஆனால் தூங்குகிறேன். பதில் வராமல் காத்திருக்கும் சகோதரி யாராவது இங்கே இருந்தால், கேட்பதை விட்டுவிடாதே அம்மா. நமக்குத் தெரியாத இடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும். என்னைப் பார்த்து நம்பு.

அன்று சாயங்காலம் பெட்டியை இறக்கியபோது மூட்டையைக் கால்மாட்டில் வைக்கப் போனார்கள். வேண்டாம், வலது கைப் பக்கம் வையுங்கள் என்றேன். முதல் பிடி மண்ணைப் போடும்போது குனிந்து சொன்னேன்: “தொட்டுப் பாருங்க அத்தை. ஒத்துக்கிச்சு.”