மைலோ டின்னில் போட்ட முடி

சந்தேகம் ஒரு வியாதி என்று என் தங்கை தினேஸ்வரி சொல்வாள். இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகப்படாத பெண்களின் குடும்பங்கள் என்ன ஆயின என்று எனக்கும் தெரியும். நான் பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறவள். எண்ணெய் ஒரு விரல் அளவு குறைந்தாலும் யார் கை பட்டது என்று கண்டுபிடித்துவிடுவேன். கலா அக்காவிடம் யாரும் வால் ஆட்ட முடியாது என்று அங்கே பேச்சு. அப்படிப்பட்டவள் வீட்டிலேயே களவு நடந்தால் சும்மா இருப்பேனா?

களவு போனது நகை இல்லை. என் தலைமுடி.

அதைச் சொல்லுமுன் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கனகராஜ். கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் இப்போது வரிசை வீடுகள் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. அவர் பிறந்த லயத்து வீடு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அதற்காக அவர் ஒரு பெருமூச்சு விட்டுக்கூட நான் பார்த்ததில்லை. மெங்லெம்புவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். தங்கமான மனுசன் என்று ஊரெல்லாம் புகழும். பேசாத மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும், வாய் சும்மா இருந்தால் கை சும்மா இருக்காது என்று. முதலில் லோகான் மீன் வளர்த்தார். தொட்டி பாதி ஹாலைப் பிடித்துக்கொண்டது. மீன் செத்ததும் மெர்போக் குருவி. அதற்குக் காலையில் அவர் பாட்டுப் பாடிக் காட்டுவார். எனக்கு ஒரு நாளும் பாடியதில்லை. குருவி கூண்டைவிட்டுப் பறந்த அன்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன்.

"இன்னொரு பைத்தியம் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, உங்கள நானே தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்."

சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடமாட்டோம். சுருட்டி, மூன்று முறை துப்பி, யார் கையிலும் சிக்காமல் அப்புறப்படுத்துவோம். வேண்டாதவன் கையில் கிடைத்தால் அதை வைத்தே செய்வினை செய்துவிடுவான். நான் சீவியதும் சுருட்டி ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு, துணி அலமாரிக்குப் பின்னால் வைப்பேன். டின் நிறைந்ததும் எரித்துவிடுவேன்.

சீனப் பெருநாள் முடிந்த கையோடு எனக்கு உடம்பு கெட்டது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் வெயிலில் வேகும்போது எனக்குக் குளிர்ந்தது. இடுப்புவரை இருந்த முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அப்படிக் கொட்டினால் டின் சீக்கிரம் நிறைய வேண்டுமா இல்லையா? குறைந்துகொண்டே வந்தது.

அதே சமயத்தில் பின்பக்க ஸ்டோருக்குப் புதுப் பூட்டு வந்தது. அங்கிருந்து தின்னர் வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்றார். ஒரு நாள் பாசாரில் அவரோடு வேலை செய்யும் சுரேனைப் பார்த்தேன். "ஓவர்டைமா? அதெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சே அக்கா," என்றான். அன்று அவர் சட்டைப் பையைத் துழாவினேன். முடி பிடுங்கும் இடுக்கி ஒன்று, சின்னச் சிமிழில் சிவப்புச் சாயம். பொம்பளை விவகாரம் என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும். இது புரியவில்லை. பயமாக இருந்தது.

தங்கை சிலிம் ரிவரில் இருக்கிறாள். அவள் என்னை அருள்வாக்குச் சொல்லும் ஓர் அம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா எலுமிச்சையை உருட்டிப் பார்த்தார்.

"வெளி ஆளு இல்லம்மா. உன் வீட்டுக்குள்ள இருக்கற கைதான். அந்தக் கை குடுக்கறத வாயில வைக்காதே. முடி திரும்பி வந்தாத்தான் ஒடம்பு திரும்பும்."

தினமும் சாயங்காலம் எனக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுப்பது அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். அன்றிலிருந்து அந்த டீயை வாழை மரத்தடியில் ஊற்றினேன். வாழை செழிப்பாகத்தான் வளர்ந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உடம்பு நாளுக்கு நாள் தளர்ந்தது. முடியை மீட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்கே போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்தேன். பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

ஒரு ஞாயிறு, தங்கை வீட்டுக்கு ரயிலேறப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஈப்போ ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தேன். நல்ல மழை. ஜிங்க் கூரையில் அடித்த சத்தத்தில் கேட் திறந்தது அவருக்குக் கேட்கவில்லை. பின்பக்கம் போய் ஸ்டோர் ஜன்னலின் கண்ணாடிப் பட்டை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

மேசைமேல் சவப்பெட்டி மாதிரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ரத்தச் சிவப்பு. பக்கத்தில் அரிசி அளவில் மனிதர்கள், வரிசையாக. மேலே ஒரு கம்பியில் என் முடி, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் தூண்டில் ஈயக் குண்டு கட்டித் தொங்கியது. அவர் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு முடியை இடுக்கியால் மெல்ல இழுத்தார். அறுந்தது. இன்னொன்று. அதுவும் அறுந்தது. ஒவ்வொரு முடி அறுந்தபோதும் என் நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது.

கதவை எட்டி உதைத்தேன்.

"அடப்பாவி! கட்டினவளையே கொல்லப் பாக்கறியா? எந்த மந்திரவாதி போமோக்கிட்ட கத்துக்கிட்ட இதை?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை ஒருமையில் பேசியது அன்றுதான். அவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். பிறகு அந்தச் சவப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தி வைத்தார்.

கப்பல். ஜப்பான் சண்டைக் காலத்தில் குவாந்தான் கடலில் மூழ்கிப்போன வெள்ளைக்காரன் போர்க்கப்பலின் பொம்மை. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகம்தான் சிவப்பு. மேலே சாம்பல் நிறம், பீரங்கி, கொடிமரம். அந்த அரிசி மனிதர்கள் அதன் மாலுமிகள். கொடிமரத்திலிருந்து நாலாபக்கமும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கயிறுகள். கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லாம் என் முடி.

"நூலு பிசிறு பிசிறா நிக்குது. தூண்டில் நரம்பு தடிப்பு. முடிதான் சரியா இருக்கு கலா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"தஞ்சோங் ரம்புத்தான்னு சொன்னியே."

"துப்பிப் போட்ட முடிங்க அது!"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்லா."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவர் முகம் சரியில்லை. திருடிப் பிடிபட்டவன் முகம் இல்லை அது. ஸ்டூலில் உட்கார்ந்தார், கையில் இருந்த அறுந்த முடியை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு இப்ப. எத்தனை நாளா எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரி போற?"

"ஆஸ்பத்திரியா?"

"பொய் சொல்லாத கலா. தங்கச்சி வீடுன்னு சொல்லிட்டு ரயிலேறிப் போற. நான் குடுக்கற டீ உள்ள இறங்கல, வாழைக்கு ஊத்தற. நான் பாத்தேன். கட்டிலுக்கு அடியில பை கட்டி வச்சிருக்க. தங்கிப் பாக்கற வைத்தியமா? பெரிய வியாதியா?"

நான் வாயைத் திறக்குமுன் கப்பலின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"இதெல்லாம் போன வருசத்து முடி. குண்டு கட்டினா அசையாம நிக்கும். இந்த வருசம் வந்தது தொட்டாலே அறுந்துடுது. ஒன்னுகூட நிக்கல. கேட்டா முடி எடுத்தது தெரிஞ்சிடும். கேக்காம இருந்தா…" என்று நிறுத்தினார். "ஓவர்டைம்னு கிளம்பிப் பின்பக்கமா உள்ள வந்து, ஒவ்வொரு ஞாயிறும் இழுத்துப் பாக்கறேன். இன்னிக்காவது நிக்குமான்னு."

நான் அவரை வேவு பார்த்த நேரமெல்லாம் அவர் என்னை வேவு பார்த்திருக்கிறார். அதுவும் என் முடியை வைத்தே. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதோடு, தாங்கமுடியாத ஓர் ஆறுதலும் வந்தது. ஈரப் புடவையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவரே லீவு போட்டு கிளினிக்குக் கூட்டிப்போனார். அதிகம் பேசாத அந்த மனிதர், டாக்டர் முன்னால் பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய முடியையும் புது முடியையும் எடுத்து மேசையில் வைத்து இழுத்துக் காட்டினார். எனக்கு மானம் போயிற்று. டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு வேலை செய்யவில்லையாம். இவ்வளவு நாள் எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டார். தினம் காலையில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.

தங்கைக்கு விஷயத்தைச் சொன்னேன். "அந்த அருள்வாக்கு அம்மா சொன்னது சரிதானேக்கா? உள்ள இருந்த கைதான்," என்றாள். அவளிடம் வாதாட எனக்கு அப்போது தெம்பு இல்லை.

கப்பல் இப்போது ஹாலில், மீன் தொட்டி இருந்த இடத்தில் இருக்கிறது. தூசி தட்டுவது நான்தான். முன்பக்கக் கொடிமரத்திலிருந்து மூக்குவரை வரவேண்டிய ஒரு கயிறு மட்டும் பல மாதம் வராமலே இருந்தது. பழைய முடி ஒன்று மிச்சம் இருந்தது எனக்குத் தெரியும். அவர் அதைத் தொடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சீவி முடித்து, ஒரு முடியை அவர் முன்னால் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோலப் போய்விடுவேன். அறுந்தால் வாசல் பக்கம் போய் நிற்பார்.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "கலா" என்று கூப்பிட்டார். மாவுக் கையோடு போனேன். கம்பியில் என் முடி தொங்கியது. நுனியில் ஈயக் குண்டு. அசையவில்லை. இன்னொரு குண்டையும் கட்டினார். நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மனிதர் அழுதார். நானும் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"அந்த டீயில நெசமாவே ஒன்னும் போடலையே?"

"இஞ்சிதான் கலா. வேற என்ன போடுவேன்?"

அன்று சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து நான் அவர் டம்ளரைத்தான் எடுத்துக்கொள்வேன், என்னுடையதை அவர் பக்கம் தள்ளிவிடுவேன். அவரும் கண்டுகொள்ளாதவர்போல அதைக் குடிப்பார். அன்றும் கை அவர் டம்ளருக்குத்தான் போனது. பிறகு என்னுடையதையே எடுத்துக் குடித்தேன்.