அனுப்பம்பட்டு ஏரிக்கரையில் நான்கு பருவமும் ஒரு மூக்கும்

மருமக்களே, உலகப் பயணிகளின் வரலாற்றில் திருவொற்றியூரிலிருந்து கிளம்பி, இருபது கிலோமீட்டர் தாண்டி, ஓர் ஏரிக்கரையில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய மாவீரன் நான் ஒருவனே. ஒரு தடவை அல்ல, ஒரே வருடத்தில் நான்கு தடவை. படை பரிவாரம் என்று கேட்டால் என் மனைவி தனம், ஒரு தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தனத்துக்கு மீன் வியாபாரம். தினமும் விடிவதற்குள் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் கூடை எடுத்து, எட்டு மணிக்குத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் கடை விரித்துவிடுவாள். அவளுடைய மூக்கு இருக்கிறதே, அது ஐஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருக்கும் மீன் எந்தக் கிழமை பிடிபட்டது, பிடித்தவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரைக்கும் சொல்லிவிடும். போன சித்திரையில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது, போகும்போது அந்த மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் அதை வெளியே சொல்லாமல் சமாளித்தாள். செவுள் சிவப்பாக இருக்கிறதே என்று ஒரு கூடை வஞ்சிரம் எடுத்து வந்தாள். இருபது வருடமாக அவளிடமே வாங்குகிற ஒரு அம்மா மறுநாள் நாறிய துண்டுகளைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தார். சண்டை போடவில்லை. "தனம், நீயா குடுத்த?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குக் கத்தியைக் கடையில் கூட இருந்த தன் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு கடைப் பக்கம் போகவில்லை.

மருத்துவர், "வரும், வராமலும் போகலாம். தினமும் விதவிதமா மோந்து பாருங்க" என்றார். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் எல்லாம் ஆயிற்று. பெருங்காய டப்பாவுக்குள் முகத்தையே நுழைத்துப் பார்த்துவிட்டு, "டப்பா ஷோக்கா கீது" என்று மூடி வைத்தாள்.

அப்போதுதான் என் மூளையில் அந்த மகத்தான ஆராய்ச்சி உதித்தது. நம் பேட்டையின் காற்றில் கருவாடு, டீசல், மணலிப் பக்கத்துக் கேஸ், கழிமுகத்துச் சேறு என்று குறைந்தது நான்காயிரம் வாசனைகள் வரிசையில் நிற்கின்றன. இந்தக் கூட்டத்தில் சீக்கு வந்த மூக்கு எதை அடையாளம் காணும்? ஒரு நேரத்துக்கு ஒரே வாசனை வீசுகிற இடமாகப் பார்த்துக் கூட்டிப் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி ரயில் ஒரு முறை அனுப்பம்பட்டில் சிக்னலுக்காக நின்றபோது ஜன்னலில் வயல் தெரிந்தது ஞாபகம் வந்தது. கிளம்பிவிட்டோம்.

வழி இதுதான். திருவொற்றியூரில் காலை ஐந்தே முக்கால் வாக்கில் ஒரு வண்டி. டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். நாற்பது நிமிடம். போகும்போது வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலமும், தூரத்தில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளும் தெரியும். மீஞ்சூரில் பாதி வண்டி காலியாகும். அடுத்தது அனுப்பம்பட்டு. ஸ்டேஷன் வாசலில் தேசிங்கு என்பவரின் ஆட்டோ நிற்கும். ஏரிக்கு மூன்றரை கிலோமீட்டர், நூறு ரூபாய். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து இறங்கிவிடுவீர்கள்.

முதல் பயணம் ஆனியில். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தேசிங்கு திரும்பிப் பார்த்தார்.

"யக்கா, மீனு எடுத்துகினு வந்துகீறீங்களா?"

"இல்லியேப்பா. ஏன்?"

நான் முந்திக்கொண்டேன். "எண்ணூர் காத்து நைனா. ரயிலோடவே தொத்திகினு வந்திருச்சு. நீ வண்டிய வுடு."

விஷயம் என்னவென்றால், கடைக்குப் போவதை நிறுத்தினாலும் தனம் தன் சுருக்குப் பையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் மீன் கையால் சில்லறை போட்டு எடுத்த பை. அந்தப் பையைக் கடலில் எறிந்தால் சுறாக்கள் கும்பிடு போட்டுப் பின்னால் வரும். அவளுக்கு அது தெரியாது. மூக்கு நன்றாக இருந்த காலத்திலும் தெரியாது. நாள் முழுக்க அதிலேயே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆனி வெயிலில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வானம் வெளுத்த வேட்டி மாதிரி ஒரே வெள்ளை. கரையில் நான்கு பனைமரம், அதன் நிழலில் நாங்கள். மேற்கே அடிவானத்தில் வெள்ளையாக ஒன்று எழும்பி வந்தது. தனம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மாமா, அங்க இன்னா கம்பெனி கீது? அவ்ளோ பொகை வுடுறான்?"

"அது மேகம்டி."

"போய்யா. மேகம் எங்கனா தரைலேருந்து வருமா?"

நான் சிரிக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் தரையோரத்தில் வெள்ளையாக எழும்புவது எல்லாமே புகைதான். கேலி செய்ய எனக்கும் யோக்கியதை கிடையாது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவன் நான். பத்து மாடி உயரத்தில், ஆகாயத்திலேயே அலுவலகம். மேகங்கள் என்னிடம் அனுமதி வாங்கித்தான் துறைமுகத்தைக் கடக்கும். ஆனால் அந்த அறைக்குத் தரை கண்ணாடி. சரக்குப் பெட்டி கீழே இருக்கிறது, ஆட்கள் கீழே நிற்கிறார்கள். முப்பத்தோரு வருடம் வானத்தில் உட்கார்ந்து குனிந்து தரையையே பார்த்தவன். மேகம் அடிவானத்தில் ஏறுவதை உட்கார்ந்து பார்த்தது எனக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவை. மூக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் பத்து மணி வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது பயணம் புரட்டாசியில். இந்தத் தடவை மதியம் கிளம்பினோம், மேகம் பார்க்க அதுதான் நேரம். மூன்று மணிக்குத் தென்மேற்கே கறுத்துத் திரண்டது. அடியில் ஊதா, நடுவில் ஈயம், உச்சியில் மட்டும் வெயில் பட்டுத் தங்கம். இந்திரனே கிடங்கைத் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். தேசிங்கு கரையில் ஆட்டோவை நிறுத்தி எங்களோடு நின்றார்.

"வராது யக்கா. பத்து நாளா இப்டித்தான் பாவ்லா காட்டிகினு கீது."

தனம் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். முகத்தைத் தூக்கிக் கன்னத்தில் காற்றை வாங்கினாள். "மேக்கால அடிச்ச கச்சான் வுழுந்துடுச்சு. இப்போ கெழக்கால கொண்டல் தூக்குது. அரை மணில கொட்டும், பாத்துக்க."

"இது கடல் இல்ல யக்கா, ஏரி."

"காத்துக்கு அத்தெல்லாம் தெரியுமா? வராட்டி டீ என் செலவு. வந்தா உன் செலவு."

இருபத்தைந்தாவது நிமிடம் கொட்டியது. ஆட்டோவுக்குள் மூவரும் ஒண்டிக்கொண்டோம். தேசிங்கு தோல்வியை ஏற்று, டீ வாங்க நனைந்துகொண்டே பெட்டிக்கடைக்கு ஓடினார்.

காய்ந்து கிடந்த ஏரி மண்ணில் முதல் மழை. அந்த வாசனை எழும்பியது. நான் மூச்சை இழுத்துவிட்டு, இழுத்ததை மறைக்கத் தொண்டையைச் செருமினேன். தனம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதா?"

"எனக்கா? ஜலதோஷம். ஒண்ணும் தெரில."

"பொய் சொல்லாத. எனக்கு வர்ல. உனக்கு வருது. எப்டி கீதுன்னு சொல்லு."

மருமக்களே, எலியை யானையாக்கி, அந்த யானைக்கு இறக்கையும் மாட்டிவிடுபவன் நான். அன்றைக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில், "காஞ்ச தரைல தண்ணி தெளிச்சா வருமே, அந்த மாதிரி" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "தங்கச்சியே கடைய வெச்சிக்கட்டும் மாமா. எனக்கு இனிமே ஆவாது." டீ வந்தது, பன்னிரண்டு ரூபாய். அதில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை கார்த்திகையில் போக அவள்தான் நச்சரித்தாள். "மூக்குக்காக இல்ல. அந்த ஏரி ரொம்பிடுச்சான்னு பாக்கணும்." ரொம்பியிருந்தது. ஆனியில் நாங்கள் நடந்து போன இடத்தில் ஆள் உயரத் தண்ணீர். வானமும் சாம்பல், தண்ணீரும் சாம்பல், நடுவே தையல் போட்டது போல ஒரு கோடு பச்சை நாற்று. வாடைக் காற்று காது வழியாக நுழைந்து மறு காது வழியாக வெளியே போனது. பனைமட்டையில் உட்கார்ந்து நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. தனம் அதைப் பார்த்து, "நம்ம கடைக்கு வர்ற சேட்டு கோட்டைக் கயட்டி மாட்டுறா மாதிரியே கீது" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் 'நம்ம கடை' வந்தது. நான் நீர்க்காகத்துக்கு மனதுக்குள் ஒரு மாலை போட்டேன். இந்தப் பருவத்தில் போகிறவர்கள் கரைமேல் செருப்போடு நடக்காதீர்கள். வழுக்கும். என் இடது செருப்பு இன்னும் அந்த ஏரிக்குள்தான் இருக்கிறது.

நான்காவது பயணம் மாசியில், போன மாதம். ஆறரை மணிக்கு இறங்கும்போது ஸ்டேஷன் பெயர்ப் பலகையே தெரியாத பனி. ஏழரைக்கு அது விலகியதும் கீழே அறுவடை முடிந்த வயல், மேலே கழுவித் துடைத்த நீலம். ஒரு மேகம்கூட இல்லை. எங்கும் வைக்கோல் வாசம். தனம் ஒரு கைப்பிடி எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். கீழே போட்டாள். "போவட்டும், வானமாவது கெடச்சுதே" என்றாள். அதை வருத்தமாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

திரும்பும் வண்டி பத்தே காலுக்கு. அத்திப்பட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே, எக்ஸ்பிரஸ் போக வழிவிட்டு நின்றது. அங்கே வண்டி நின்றால் எங்கள் ஊர்க்காரர்கள் நாற்றத்துக்குப் பயந்து அனிச்சையாக ஜன்னலை இறக்கி மூடிவிடுவார்கள். நானும் கையை வைத்தேன். தனம் மூக்கைச் சுளித்தாள்.

"ஐய்ய, இன்னா கப்பு இது!"

கை அப்படியே நின்றது. காற்று கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு நாற்றமும் இல்லை.

"எந்தக் கப்புடி?"

"மீன் கப்பு. பழைய மீனு. கலீஜா கீது. யாரு வெச்சிகினு கீறாங்க?" எதிர் இருக்கையை முறைத்தாள். அங்கே இருந்த கல்லூரிப் பெண் பாவம், தன் டிபன் டப்பாவைத் திறந்து சந்தேகமாகப் பார்த்தது. தனம் சீட்டுக்கு அடியில் குனிந்தாள், என் தோளை மோந்தாள், நகர்ந்தாள், நின்றாள். கை மெல்ல இடுப்புக்குப் போனது. சுருக்குப் பையை உருவி மூக்கருகே கொண்டுபோனாள்.

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. அது போய் முடியும்வரை பையை எடுக்கவே இல்லை.

"யோவ். இது நான்தான்யா."

"ஆமா."

"தேசிங்கு அன்னிக்குக் கேட்டது இத்தத்தானா?"

"ஆமா."

"இருபத்தொம்போது வருசமா இத்தோடயா குடும்பம் பண்ண? ஒரு நாளாவது வாயத் தொறந்தியா?"

"வாயத் தொறந்தா இன்னும் உள்ள வரும்ல."

பையாலேயே முதுகில் ஒரு அடி விழுந்தது. அடித்துவிட்டு மறுபடியும் மோந்து பார்த்தாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கைந்துதான் இருக்கும். எனக்கு நாற்பதாகத் தெரிந்தது.

மறுநாள் விடிவதற்குள் காசிமேட்டில் நின்றாள். கூட நானும், பாதுகாப்புப் படையாக. ஒரு கூடையில் குனிந்தவள், செவுளைக்கூடத் தூக்கவில்லை. நிமிர்ந்து அடுத்த கூடைக்குப் போனாள். "இன்னா யக்கா, பாக்காமலே போற?" என்று விற்றவர் கத்தினார். "பாத்தாச்சு போ" என்றாள். இப்போது காலை எட்டு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனால் தனத்தைப் பார்க்கலாம். கத்தி அவளிடம், தராசு தங்கையிடம். பையைத் துவைக்கலாமா என்று ஒரு முறை கேட்டேன். இன்னொரு அடி விழுந்தது.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. இருவருக்குப் போக்குவரத்து, ஆட்டோ இரு வழியும், டீயும் சேர்த்து முந்நூறு ரூபாயைத் தாண்டாது. ஆனியில் குடை, கார்த்திகையில் பழைய செருப்பு. பருவத்துக்கு ஒரு தடவையாவது போங்கள். ஒரு தடவை பார்த்தவர்கள் ஏரியைப் பார்த்தவர்கள் ஆக மாட்டார்கள், அது நான்கு ஏரி. காற்றைப் பற்றித் தேசிங்கு சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தனத்துக்கு இதுவரை மீன் வாசனையும், கொஞ்சம் டீசலும்தான் திரும்பியிருக்கின்றன. மல்லிகை இல்லை, வைக்கோல் இல்லை. வரும் புரட்டாசியில் முதல் மழைக்கு அதே கரையில் நிற்க வேண்டும் என்கிறாள். மண் வாசனையைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்னது சரிதானா என்று பார்க்க வேண்டுமாம். ஆயுளில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அதில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.