பல்லுக்கார அம்மாவின் நீலக்கோட்டுப் படை

தூரிகையின் நுனியை உதட்டில் ஒரு சுழற்று சுழற்றிக் கூராக்கிக்கொண்டு, பாட்டில் மூடிமேல் ஒட்டி நிறுத்திய ஈயச் சிப்பாய்ப் பொம்மையின் இடது கண்ணுக்கு ஒரு புள்ளி வைக்கிறார். வலது கண்ணும் விழுந்த பிறகுதான் மூச்சு வெளியே வருகிறது. ஆள் உயரம் கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் கூட. கையெட்டும் தூரத்தில் வைத்தால் கண் இருப்பதே தெரியாது. "நமக்குத் தெரியாட்டி என்ன, அவன் பார்க்க வேணாமா?" என்கிறார்.

பகலில் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. யாரோ ஒருவர் வாயில் மிச்சமிருக்கும் பற்களோடு சேரும்படி புதுப்பல்லுக்கு மஞ்சளைக் கூட்டிக் குறைத்து நிறம் கொடுப்பார். தெருவில் அவர் பல்லுக்கார அம்மா. பக்கத்து வீட்டுக்காரன் என்ற சலுகையில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையோரம் உட்கார்ந்து நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

மேசையில் ஒரு காப்பிக் கோப்பை, ஒரு தண்ணீர்க் கோப்பை. தூரிகை எதில் நனையும் என்று சொல்ல முடியாது. நீலக் காப்பியையும் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவார். நாம் உடுத்தும் வரிசையிலேயே சிப்பாய்க்கும் வண்ணம்: முதலில் தோல், பிறகு உள்சட்டை, கோட்டு, கடைசியில் தோள்வார். எந்த ராஜா யாரோடு எதற்குச் சண்டை போட்டார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். கோட்டின் கைப்பட்டி சிவப்பா மஞ்சளா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். தவறிச் சிவப்படித்த ஒரு படைக்கு, மொத்தப் பேருக்கும் மறுபடி மஞ்சள் பூசியிருக்கிறார்.

சண்டை போடுவது கணவரும் கொழுந்தனும். ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில் பச்சைத் துணி விரித்து, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்துப் படைகளை நகர்த்துவார்கள். இரண்டு பக்கமும் இவர் கைவேலைதான். யார் ஜெயித்தாலும் நஷ்டம் இவருக்கு. வண்ணம் உதிராமலிருக்க, சிப்பாயைக் காலடியிலுள்ள அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தலையைப் பிடித்துத் தூக்கிய கொழுந்தனுக்கு ஒருநாள் செமத்தியாகக் கிடைத்தது.

இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: புதிதாக வண்ணம் பூசிய படை முதல் சண்டையில் தேறாது. இந்த வீட்டில் அது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்து அம்மா முடித்த நீலக்கோட்டுப் படை போன ஞாயிறுதான் முதன்முதலாக மேசை ஏறியது. "ஒருத்தனாவது கடைசிவரைக்கும் நிக்கணும்" என்றார் என்னிடம். செத்தவர்களும் அதே பெட்டிக்குத்தானே திரும்புகிறார்கள் என்று சொல்லி, ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவங்களப் பின்னாலயே நிறுத்துங்க, சொல்லிட்டேன்."

"பத்திரமா நிப்பாங்க, கவலப்படாத" என்று வாக்குக் கொடுத்தார் கணவர்.

மதியத்துக்குள் அவருடைய முன்வரிசை துடைத்தெடுத்தாற்போல் ஆயிற்று. மேசை நடுவிலிருந்த பொம்மைப் பாலத்தைப் பிடிக்க மிச்சமிருந்தது நீலக்கோட்டுப் படை மட்டும். பாலத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"பேசாம தோத்துட்டேன்னு சொல்லிடேன்ணா" என்றான் கொழுந்தன்.

"அனுப்புங்க" என்றார் அம்மா. "பொம்மதானே." குரலில் ஒன்றுமில்லை.

பாலத்தில் ஏறியவர்கள் ஏறிய வேகத்தில் விழுந்தார்கள். கொழுந்தன் ஒவ்வொருவரையும் அடித்தட்டைப் பிடித்தே எடுத்து ஓரம் வைத்தான். மிஞ்சியது முரசு கொட்டுகிறவன் ஒருவன். தனியாக மிஞ்சியவன் மேசை விளிம்பை நோக்கி ஓட வேண்டும் என்பது விதி. பகடையில் சின்ன எண் விழுந்தால் விளிம்புக்கு முன்பே நின்றுவிடுவான். பெரிதாக விழுந்தால் விளிம்பைத் தாண்டி அவனும் போனான்.

"ரெண்டு மூணு விழுந்தா பொழச்சுக்குவான் அண்ணி" என்றான் கொழுந்தன், தானே எதிராளி என்பதை மறந்து.

கணவர் பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே இருந்தார். போட மனம் வரவில்லை.

அம்மா எழுந்து மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தார். "ம், போடுங்க" என்று சொல்லிவிட்டு, முரசுக்காரனுக்கு நேராக, விளிம்புக்குக் கீழே, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டார்.