ஆறு அங்குலம் உயர்ந்த வேட்பாளர்

வெர்லின் டகில் தேர்தலில் நிற்பதற்கு மேடையில் சொன்ன காரணம் மக்கள் சேவை. வீட்டில் சொன்ன காரணம் முழங்கால் வலி. இரண்டுமே உண்மைதான். ஆனால் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தது மக்கள் சேவை இல்லை.

மேற்கு ஓக்லஹோமாவின் செம்மண் பூமியில் வீடு வீடாக கேஸ் லாரி ஓட்டிப் போய், கொல்லையில் நிற்கும் டாங்குகளை நிரப்புவது அவர் வேலை. குளிர்காலத்தில் கனத்த குழாயைத் தோளில் போட்டு, பனியில் சறுக்கி, யார் வீட்டு நாயோ துரத்த, வேலியைத் தாண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். மாவட்டச் சாலைக் கமிஷனர் பதவியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஹீட்டர் போட்ட அறை, ஹீட்டர் போட்ட வண்டி. மண் சாலைகளைச் சமப்படுத்தும் ஆட்களிடம், இன்றைக்கு எந்தச் சாலை என்று சொன்னால் போதும்.

"இன்னொரு ஜனவரி மாசம் அந்தக் குழாயை இழுத்தேன்னா, என்னை அந்த டாங்குக்குப் பக்கத்துலயே பொதைச்சிடு நெல்டா," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய் மனுத் தாக்கல் செய்தார்.

எதிரே நின்றவர் மூன்று தேர்தலில் ஜெயித்த ரெக்ஸ் ஆம்ஸ்டெட். சாலைகளை அவர் பெரிதாகக் கவனித்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். விரலைக் கவனித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடி விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்க வேண்டும். கையையே எடுத்து ஆட்டினால் வெளியூர்க்காரன். தூக்கவே இல்லையென்றால் நம் மேல் ஏதோ கோபம். என்ன கோபம் என்று எதிர்ப்பட்டவர் வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பார், சேர்ந்ததும் ஃபோன் எடுப்பார். ரெக்ஸ் விரலைத் தூக்காமல் ஒரு வண்டியையும் தாண்டியதில்லை. மூன்று தேர்தலும் அந்த ஒற்றை விரலில்தான் ஓடின.

வெர்லினுடைய விரலும் சளைத்ததில்லை. லாரியிலிருந்து அத்தனை வருஷம் தூக்கிய விரல் அது. ஆகவே ஏப்ரல் வரை போட்டி சமமாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் மழை பெய்தது. ஓட்டுக் கேட்க இமோஜீன் ஸ்டிட்ஸ் வீட்டுக்குப் போனார் வெர்லின். இமோஜீன் ஒரு கோழிப் பண்ணைக்காரி, அறுபதைத் தொட்டவர், ஊரில் பாதிப் பேருக்கு முட்டை அவருடையது, மீதிப் பேருக்கு அபிப்பிராயம் அவருடையது. அவர் வீட்டுக்குப் போகும் சாலை அந்த வட்டாரத்திலேயே மோசமானது. வெர்லினின் பழைய பிக்கப் வண்டி பாதி வழியில் சேற்றில் வயிறு பதித்து உட்கார்ந்துவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. நாலு சக்கரமும் சேற்றை வாரி ஆகாயத்தில் எறிந்ததுதான் மிச்சம்.

அப்போது மண் சமப்படுத்தும் யந்திரம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ரெக்ஸ். விரலைத் தூக்கினார். இறங்கி வந்தார். சங்கிலியைத் தானே மாட்டி, வெர்லினை வெளியே இழுத்து விட்டார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதைத்தான் வெர்லினால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை டோய்ல் பிக்ஸ்பியின் டயர் கடைக்கு நெல்டாவையும் கூட்டிக்கொண்டு போனார். டோய்ல் அவருடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகக் கால்பந்து ஆடியவர். அந்தக் கடையில் டயர் வாங்க வருகிறவர்களைவிட காப்பி குடிக்க வருகிறவர்கள் அதிகம். சுவரோரம் நாலைந்து நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் எதுவும் வாங்குவதில்லை, எல்லோருக்கும் யோசனை சொல்வார்கள்.

"வண்டியைத் தூக்கணும்டா டோய்ல்," என்றார் வெர்லின்.

"எங்கேயிருந்து? மறுபடியும் மாட்டிக்கிச்சா?" என்றது ஒரு நாற்காலி. காப்பி ததும்பச் சிரித்தார்கள்.

டோய்ல் சிரிக்காமல் கைகளைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வழி இருக்கு. முன்பக்கம் மட்டும் ரெண்டு அங்குலம் ஏத்தலாம். வண்டி மூக்கைக் கவுத்துக்கிட்டு நிக்கறது போயிடும். அதுக்கு எல்லாத் தரையிலயும் ஓடற டயர் போடு. சத்தம் போடாது, ரோட்டுலயும் ஓடும், வயல்லயும் ஓடும். இன்னொண்ணு, ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பரு எல்லாத்தையும் மாத்தி முழுசா ஆறு அங்குலம் தூக்கறது, லிஃப்டும்பாங்க. அதுக்குக் கீழே முப்பத்தஞ்சு அங்குல சேத்து டயர். பல்லு பல்லா இருக்குமே, அது."

"எது சேத்துல மாட்டாது?"

"நீ சேத்துலயா குடியிருக்கப் போற? வருஷத்துல மழை எத்தனை நாள் பெய்யுது இங்கே?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பெரிசுதான் மாட்டாது. ஆனா கேளு. தெரு முழுக்கக் கேக்கற மாதிரி உறுமும். பெட்ரோல் குடிக்கும். சக்கரம் பெரிசாயிட்டா ஸ்பீடு மீட்டர் பொய் சொல்லும், அதை நான் சரி பண்ணித் தரணும், அதுக்கு ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போகணும். அந்த ரெண்டு அங்குலத்தையே போட்டுக்கோ. உன் எடத்துல நானா இருந்தா அதைத்தான் போடுவேன்."

நெல்டா சேற்று டயரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். அவர் இடுப்புவரை வந்தது. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப, பாவாடை கட்டிக்கிட்டு நான் இதுல எப்படி ஏர்றது?"

"ஒரு முக்காலி வச்சுக்கலாம்," என்றார் வெர்லின்.

"முக்காலி மேல ஏறி வண்டிக்குள்ள போனப்புறம், கீழே இருக்கற முக்காலியை யாரு எடுக்கறது?"

நாற்காலிகள் இதை ரொம்ப நேரம் விவாதித்தன. கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

வெர்லினுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சங்கிலியை மாட்டிய ரெக்ஸின் முதுகு மட்டும் கண்முன் நின்றது. ஆறு அங்குலம் என்றார். முப்பத்தைந்து என்றார். ஸ்பீடு மீட்டரைச் சரிபண்ண ஒரு நாள் விட்டுவைக்கப் பிரச்சாரத்தில் நேரமில்லை என்றும் சொல்லிவிட்டார். மண் சாலையில் குலுங்காமல் போகட்டும் என்று டோய்ல் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

வண்டி வெளியே வந்தபோது அழகாகத்தான் இருந்தது. வெர்லின் மேலே உட்கார்ந்து பார்த்தார். கோதுமை வயலைத் தாண்டி அடுத்தவன் மாடு தெரிந்தது. இத்தனை வருஷம் கீழேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறோமே என்று தோன்றியது. பதவிக்கு வருவதற்கு முன்பே பதவியின் உயரம் அவருக்கு வந்துவிட்டது.

அடுத்த சில வாரம் மாவட்டம் முழுக்கச் சுற்றினார். எதிர்ப்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் விரலைத் தூக்கினார். ஆனால் ஸ்டீயரிங் இப்போது மற்றவர்கள் கண்ணுக்கு மேலே போய்விட்டது. எதிரே வருகிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் பம்பரும் இரண்டு விளக்கும்தான். விரல் தெரியவில்லை.

முதலில் விஷயம் நெல்டாவுக்குத்தான் எட்டியது. மளிகைக் கடையில் ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெர்லினுக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா நெல்டா?" என்று கேட்டார்.

"உன் விரலு யாருக்கும் தெரியலையாம்," என்றார் நெல்டா வீட்டுக்கு வந்து.

"நான் தூக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"சாமிக்குத் தெரியும். அவருக்கு இங்கே ஓட்டு இல்லையே."

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிப் பார்த்தார் வெர்லின். யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் வண்டியை நிறுத்தினார்கள்.

இதுகூடப் பரவாயில்லை. ஜூன் மாத ஆரம்பத்தில் தீயணைப்புப் படைக்காக பை விருந்து வைத்தார்கள். பெண்கள் வீட்டில் சுட்டு வந்த, மாவு ஓட்டுக்குள் இனிப்புப் பூரணம் வைத்த 'பை' என்ற பண்டத்தை ஏலம் விட்டு, வரும் பணத்தில் தீயணைப்பு வண்டிக்குக் குழாயோ ஏணியோ வாங்குவது வழக்கம். தேர்தல் வருஷத்தில் வேட்பாளர்கள் ஆளுக்கு ஒரு பையையாவது ஏலம் எடுத்துவிட்டு, இரண்டு நிமிஷம் பேச வேண்டும். யாருடைய பையை எடுக்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். எடுக்காமல் விட்டது யாருடையது என்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வெர்லின் இமோஜீனின் பையை எடுத்தார். நல்ல காரியம். கூட்டத்தில் ஒரு சின்ன தலையாட்டல் ஓடியது. அவர் மைக் முன்னால் போய் நின்றதும் இமோஜீன் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தார்.

"நேத்து முட்டைக்கு வந்திருந்தியே வெர்லின். சொல்லு, என் ரோடு எப்படி இருக்கு?"

இவ்வளவு நல்ல கேள்வியை எந்த வேட்பாளருக்கும் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. ரெக்ஸ் அந்தச் சாலையைத் தொட்டுப் பல மாதம் ஆயிற்று. மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம் ஒரு பக்கம். வெயிலில் காய்ந்து கூரைத் தகடு போல வரிவரியாக நிற்கும் மண் ஒரு பக்கம். வேட்பாளர் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வது.

வெர்லின் உண்மையைத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த உண்மையை. காற்றுக் குறைத்த பெரிய டயரும், புது ஷாக் அப்சார்பரும், வேகத்தைக் குறைத்துக் காட்டிய ஸ்பீடு மீட்டரும் சேர்ந்து அவரை அந்த வரிகளின் மேல் பறக்கவிட்டிருந்தன.

"பரவாயில்லையே மிஸ் இமோஜீன்! ஏப்ரலுக்கு இப்போ ரொம்ப தேவலை."

கூடத்தில் பாதிப் பேர் ஃபோர்க்கைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தேவலையா?" என்றார் இமோஜீன். "இந்த வாரம் மட்டும் அட்டை அட்டையா முட்டை உடைஞ்சுது. வீட்டுலேருந்து தார் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஆம்லெட் ஆயிடுது. தேவலையாம்!"

ரெக்ஸ் பின்வரிசையிலிருந்து பணிவாகக் கையைத் தூக்கினார். "என் எதிரி இவ்வளவு பெருந்தன்மையா என் வேலையைப் பாராட்டுவார்னு நான் நினைக்கவே இல்ல. ரொம்ப நன்றி வெர்லின்."

"வண்டியை ரிப்பேர் பண்ணிக்கிட்டான், இனி ரோடு எதுக்கு?" என்று யாரோ சொன்னார்கள். டோய்ல் கடை நாற்காலிகளில் ஒன்றின் குரல். அந்த வாக்கியம் அன்றிரவே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அதற்கு லிஃப்டும் வேண்டியிருக்கவில்லை, டயரும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெர்லின் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட மனமில்லை. நெல்டா ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டுப் பார்த்தார். "முட்டை நிறைய போட்டிருக்கா. உடைஞ்சதையெல்லாம் இதுலதான் ஊத்தியிருப்பா போல."

"ஜனவரி மறுபடி வந்துடும் நெல்டா. அந்தக் குழாய்..."

"லிஃப்டைக் கழட்டச் சொல்லு டோய்ல்கிட்ட."

"பழைய ஸ்பிரிங்கை அன்னிக்கே எவனோ வாங்கிட்டுப் போயிட்டானாம்."

நெல்டா தன் கார் சாவியை மேஜை மேல் வைத்தார். பழைய சின்ன கார் அது. உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வரும். சாலையில் ஒரு தவளை படுத்திருந்தால்கூட அடியில் தட்டும்.

தேர்தல் வரைக்கும் வெர்லின் அதில்தான் போனார். விரல் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் முகமும் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது மாறியதும் தெரிந்தது. இமோஜீன் வீட்டுக்குப் போகும் வழியில் பாதியிலேயே காரின் அடியில் ஏதோ கிழிந்து விழுந்தது. இறங்கி அதை எடுத்துக்கொண்டு, கார் டிராக்டர் போலக் கத்த ஓட்டிப் போய் இமோஜீன் வாசலில் நிறுத்தினார்.

இமோஜீன் முட்டைக் கூடையோடு வெளியே வந்தார். வெர்லின் கையில் சைலன்சர்; சூடு தாங்காமல் தொப்பியால் பிடித்திருந்தார்.

"இப்போ சொல்லு. என் ரோடு எப்படி இருக்கு?"

"ரோடா? நான் வந்த வழியில அப்படி ஒண்ணும் பாக்கலியே மிஸ் இமோஜீன்."

இமோஜீன் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் இறுகியது. "ஓட்டுப் போடறேன். என் ஆளுங்களும் போடுவாங்க. ஆனா ஒண்ணு. ஜெயிச்சு வந்தா நீ இந்தக் கார்லதான் சுத்தணும். அந்த ஒசர வண்டியில உன்னை ஒரு நாள் பாத்தேன்னு வை, அடுத்த பை விருந்துல மைக்கை நானே பிடிப்பேன்."

வெர்லின் சரி என்றார். வேறென்ன சொல்வார், கை வெந்துகொண்டிருந்தது.

நூலிழையில் ஜெயித்தார். ரெக்ஸ் வந்து கைகுலுக்கினார். இப்போது அவர் டோய்ல் கடைச் சுவரோரம் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்து, லிஃப்ட் போட வருகிறவர்களிடம் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் போடச் சொல்கிறாராம்.

இமோஜீன் சாலைதான் முதலில் சமமாயிற்று. கமிஷனர் வாரா வாரம் எந்தச் சாலையில் போனாரோ, அடுத்த வாரம் அந்தச் சாலைக்கு யந்திரம் வந்தது. இதைப் பொதுச் சேவை என்றும் சொல்லலாம், இடுப்பு வலி என்றும் சொல்லலாம். முழங்கால் இப்போது தேவலை. ஜனவரியில் குழாயை வேறு ஒருவர் இழுத்தார்.

உயர வண்டியை நெல்டா எடுத்துக்கொண்டார். முக்காலியில் கயிறு கட்டியிருக்கிறார். ஏறி உட்கார்ந்ததும் ஒரே இழுப்பில் அது மேலே வந்துவிடுகிறது. சர்ச் வாசலில் அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் நிற்கிறார்கள்.

சில நாள் காலையில் இருவரும் எதிரெதிரே கடப்பதுண்டு. உறுமல் முதலில் வரும், பிறகு செம்புழுதி, பிறகு பம்பர். கீழே தன் சின்னக் காரிலிருந்து வெர்லின் விரலைத் தூக்குவார். மேலே நெல்டா தூக்கினாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டில் கேட்டால், "தூக்கினேனே, நீ பாக்கல?" என்பார் நெல்டா.