சைகோனில் ஒட்டிய வியாதி

புதுச்சேரி மூலக்குளத்தில் மோட்டார் காயில் கட்டும் தனிஸ்லாசுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்து ஆறு மாதம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மகள் லினெட் ஒரே பிடியாக நின்றாள்: “என்னோடதுல ஒண்ண எடுத்துக்கட்டும்ப்பா.” பரிசோதனைகள் எல்லாம் அவளுக்குச் சரியாகவே வந்தன. வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதாக இருந்தது.

“குடும்பத்துல வேற யாருக்காவது கிட்னி வியாதி?” என்று டாக்டர் முதல் நாளே கேட்டிருந்தார்.

“யாருக்கும் இல்ல சார்” என்று அடித்துச் சொன்னார் தனிஸ்லாஸ். பொய் இல்லை. அவருடைய அப்பா வியட்நாமில் சைகோன் வரை போய்வந்த பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்; நாற்பத்திரண்டு வயதில் உடம்பு ஊதிச் செத்தார். பென்ஷன் காகிதத்தில் காரணம் ‘மல் தெ பிரைட்’ என்றிருந்தது. பிரைட் வியாதி என்றால் சைகோனில் ஒட்டிக்கொண்ட ஏதோ வெள்ளைக்காரன் காய்ச்சல் என்பது அந்த வீட்டின் வேதவாக்கு. அதில் கொஞ்சம் பெருமை வேறு! விவரம் தெரிந்தவரிடம் கேட்க அறுபது வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. பென்ஷன்தான் அம்மா பேருக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்ததே.

புதன்கிழமை நலம் விசாரிக்க வந்தார் அருள்பிரகாஷ், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பேச்சுவாக்கில் இந்தக் கதையைக் கேட்டதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“காய்ச்சலா? யாருய்யா சொன்னது? அது கிட்னி வீக்கம். அதப் பத்தி மொதல்ல எழுதி வெச்ச டாக்டர் பேரு பிரைட்டு. நாள்பட்ட கிட்னி வியாதின்னா அந்தக் காலத்துல அந்தப் பேரத்தான் போடுவாங்க.”

தனிஸ்லாஸ் மனசுக்குள் வரிசை போட்டுப் பார்த்தார். முதலில் அப்பா, அப்புறம் அவர். அடுத்தது லினெட்டா? அவளுக்கு இருபத்தாறு வயது. வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான், மூடிக்கொண்டால் பிழைத்துவிடலாம். பிழைக்க ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? மனைவி ரோசாவிடம்கூட மூச்சு விடவில்லை. மகள் குனிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் கணுக்காலில் வீக்கம் தெரிகிறதா என்று கண் அங்கேயே போனது.

வெள்ளிக்கிழமை டாக்டர் காலண்டரைப் புரட்டும்போது தனிஸ்லாஸ் அந்தப் பென்ஷன் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அருள்பிரகாஷ் சொன்னதை அப்படியே சொன்னார்.

“பரம்பரையா வர்றதா இருந்தா, இப்ப சரியா இருக்கறவங்களுக்கும் பின்னாடி வரலாம். உங்க ரெண்டு பேருக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்கணும்” என்றார் டாக்டர். “இல்லன்னு வந்தா தேதி பாக்கலாம்.”

“நான் நல்லாத்தாம்ப்பா இருக்கேன்!” லினெட்டுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அவளுக்காக டெஸ்ட் எடுங்க சார்” என்றார் தனிஸ்லாஸ். “தேதி மட்டும் வேணாம். என்ன வந்தாலும் சரி, ரெண்டும் அவகிட்டயே இருக்கட்டும்.”